வேதமும் வழக்கமும்
தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றி ஒரு திறனாய்வு

ஒரு சமயம் தான் தோன்றிய நாட்டை விட்டு வேறொரு நாட்டிற்குச் செல்லும்போது அதனோடு எவையெவை உடன் செல்கின்றன, எவையெவை பின்தங்கி விடுகின்றன என்னும் வினா, சமய அறிஞர்களை மட்டுமன்றி இலக்கிய ஆய்வாளர்களையும் நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. இதற்கு எளிதான விடை ஒன்று உண்டு. வேதத்தின் உண்மை உடல் போன்றது; அந்தந்த நாட்டின் மொழியும் நடையுடை பாவனைகளும் ஆடை போன்றவை; நாட்டுக்கு நாடு ஆடை மாறும், உடல் மாறாது என்பதே அவ்விடை. கிறித்தவ சமயத்தைத் தமிழகத்தில் பரப்ப வந்த ஐரோப்பியப் பாதிரிமாருள் ஒரு சாரார் இக்கருத்தை வெளிப்படையாகவே கூறினர். மற்றொரு சாரார் தமிழ் ஆடையை வெறுத்தனர். எனினும் உடல் வேறு, ஆடை வேறு என்னும் பாகுபாட்டை அவர்களும் ஐயுறவில்லை.

கேட்பதற்கு இனிய இந்த உவமை உண்மையில் பொருந்துகின்றதா? தமிழ்க் கிறித்தவ நூல்களையும் அவை எழுந்த வரலாற்றையும் கூர்ந்து நோக்கினால் பொருந்தவில்லை என்றே கூறத் தோன்றுகிறது. நாட்டு வழக்கம் சமயத்தின் மேற்போர்வையாக நின்றுவிடுவதில்லை. வேதத்தை எவ்வாறு வாசிப்பது, இறைவனை எச்சொல்லால் அழைப்பது, யார் யாரோடு அமர்ந்து வணங்குவது என்பன வரை அது ஊடுருவிச் செல்கிறது. ஆகவே வழக்கத்தை ஆடை என்று எண்ணி ஆராயாமல் அணிந்துகொள்வதும், ஆடை என்று எண்ணி ஆராயாமல் களைந்தெறிவதும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும். இதனைச் சில சான்றுகளால் ஈண்டு விளக்க முற்படுவோம்.

இந்த ஆய்வு நம்மவர்க்கு எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். தமிழ்க் கிறித்தவர்கள் நம் அண்டை வீட்டார். நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம்மோடு இதே தமிழைப் பேசி வருபவர்கள். அரபு நாட்டில் தோன்றிய மார்க்கத்தைத் தமிழில் பாட முற்பட்ட நம் புலவர்கள் எதிர்கொண்ட வினாக்களையே அவர்தம் புலவர்களும் எதிர்கொண்டனர். அயலார் நூலை ஆராயும்போது நம் நூலின் அருமையும் நமக்கு நன்கு புலப்படும்.

தத்துவ போதகரின் கொள்கை

இத்தாலி நாட்டில் உயர்குடியிற் பிறந்த இராபர்ட் தெ நொபிலி என்னும் சேசு சபைப் பாதிரியார் 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பிருந்தே போர்த்துக்கீசியப் பாதிரியார் ஒருவர் பணிபுரிந்து வந்தும், மதுரை மக்களுள் மதம் மாறியவர் எவருமிலர். இதன் காரணத்தை நொபிலி ஆராய்ந்தார். மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, எல்லாரோடும் கலந்து பழகும் அயல்நாட்டார் 'பறங்கியர்' என இகழப்பட்டனர் என்பதையும், கிறித்தவராவது என்றால் பறங்கியராவது என்றே மக்கள் பொருள் கொண்டனர் என்பதையும் கண்டார். உடனே தம் அங்கியைக் களைந்து காவி உடுத்தார். புலால் நீக்கினார். தமிழும் வடமொழியும் கற்றார். தத்துவ போதகர் என்னும் பெயரும் பூண்டார்.

தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற பிராமணர் பூணூலும் குடுமியும் தரித்துக்கொள்ளவும், சந்தனம் பூசவும் அவர் இசைந்தார். இவை சமயச் சின்னங்கள் அல்ல, குலத்தையும் தகுதியையும் காட்டும் உலகியல் அடையாளங்களே என்பது அவர் வாதம். இதன்மேல் பெரும் பூசல் மூண்டது. 1619-இல் கோவாவில் விசாரணை நடைபெற்றது. முடிவில் 1623-ஆம் ஆண்டு போப் பதினைந்தாம் கிரகோரி, மூடநம்பிக்கைச் சார்பான சடங்குகளை விலக்குதல் வேண்டும் என்ற நிபந்தனையோடு, மறு ஆணை பிறக்கும்வரை அவற்றை அனுமதித்தார்.

நொபிலியின் கல்வியும் துணிவும் போற்றத்தக்கவை. அயல்நாட்டு ஆணவத்தைக் களைந்து, ஒரு மக்களின் மொழியையும் நூலையும் மதித்துக் கற்ற அவரது பண்பை யாரும் குறைத்துப் பேசுதல் இயலாது. எனினும் அவரது கொள்கை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். பூணூல் குலத்தைக் காட்டும் அடையாளம் என்றால், அக்குலமும் அதன் மேன்மையும் திருச்சபைக்குள் இடம்பெற்று விட்டன என்பதே பொருள். உயர்குலத்தாரிடம் செல்லும் பாதிரியார் தாழ்த்தப்பட்டோரிடம் வெளிப்படையாகச் செல்லுதல் இயலாமற் போயிற்று. ஆகவே பிராமண சந்நியாசிகள் என்றும், ஏனைய குலத்தார்க்குரிய பண்டாரசுவாமிகள் என்றும் பாதிரிமாரே இருவகைப்பட்டனர். 1703-ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்த போப்பின் தூதர் தூர்நோன், இறக்கும் நிலையிலுள்ள பறையர் குடிசைக்குள் சென்று இறுதிச் சடங்கு செய்யப் பாதிரிமார் தயங்கியதைக் கண்டித்து ஆணையிட வேண்டியதாயிற்று. 1744-இல் போப் பதினான்காம் பெனடிக்ட் இப்பூசலுக்கு முடிவு கட்டியபோதும், தாழ்த்தப்பட்டோர்க்கெனத் தனிப் பாதிரிமார் என்னும் ஏற்பாடே ஒப்புக்கொள்ளப்பட்டது.

ஏழைகளின் இல்லத்தை நாடிச் சென்றவராகச் சுவிசேஷங்கள் காட்டும் ஏசுநாதரின் பெயரால் வந்தவர், ஏழையின் குடிசைக்குள் நுழையத் தயங்கினார் என்றால், மாறியது ஆடை மட்டுமா? போதனையின் உள்ளீடே அன்றோ மாறிவிட்டது! நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில், இரு சாதியாரும் ஒருவரையொருவர் காணாது அமரும் வண்ணம் இரு கிளைகளாகப் பிரித்துக் கட்டப்பட்டது. நடுவில் நின்ற சுவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. முதலில் அடையாளமாக அனுமதிக்கப்பட்டது, பின்னர்ச் சுவராக எழுந்து நின்றது.

தேம்பாவணியும் சீறாப்புராணமும்

இலக்கியத்தில் இக்கொள்கை பெற்ற வடிவம் வேறு. வீரமாமுனிவர் எனப் போற்றப்படும் ஜோசப் பெஸ்கி பாதிரியார் 1726-இல் இயற்றி முடித்த தேம்பாவணி, மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் கொண்ட பெருங்காப்பியம். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவர் அவர். சதுரகராதி தந்தவர். அவரது தமிழ்ப்புலமைக்குத் தேம்பாவணியின் 3615 பாடல்களும் சான்று.

அவர் தம் காப்பியத்திற்குத் தலைவராகத் தேர்ந்தது ஏசுநாதரை அல்ல. அவரை வளர்த்த சூசையப்பரை. சுவிசேஷங்களில் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அமைதியாக வந்து அமைதியாக மறைகிறார். தமிழ்க் காப்பிய இலக்கணமோ, நாடும் நகரமும் குலமும் கூறி, பிறப்பு முதல் தலைவனின் வாழ்வை விரித்துரைக்குமாறு வேண்டுகிறது. அந்த இடைவெளியை மேனாட்டுப் பக்தி நூல்களில் கண்ட செய்திகளாலும் தம் கற்பனையாலும் பெஸ்கி நிரப்பினார். இளமையிலேயே துறவு நாடிச் செல்லும் சூசையப்பரை, முதியவர் உருவில் வரும் வானதூதர் தடுத்து, இல்லத்தில் இருந்தே அறம் பேணுதலின் சிறப்பை எடுத்துரைப்பதாக ஒரு பகுதி வருகிறது. இல்லறமா, துறவறமா என்பது வள்ளுவர் காலந்தொட்டுத் தமிழர் வாதித்து வந்த வினா. நாசரேத்தின் தச்சர் பெயரால் அவ்வினாவிற்குத் தமிழில் ஒரு விடை கூறுகிறார் பெஸ்கி. வேதத்தில் இல்லாத ஒரு வினாவை, தமிழ் மரபு வேதத்தின்முன் கொண்டுவந்து வைத்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

குறையும் உண்டு. தாவீது மன்னரின் வழித்தோன்றல் என்னும் பெருமையே காப்பியத்தில் ஓங்கி ஒலிக்கிறது. உளி பிடித்துப் பிழைத்த உழைப்பாளியின் எளிமை அதன் நிழலில் மங்கி விடுகிறது. தன்னிகரில்லாத் தலைவன் என்னும் காப்பிய இலக்கணம் கோரிய விலை அது.

இங்கே உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஒப்பு நோக்குதல் பயன் தரும். அதுவும் மூன்று காண்டங்களாக அமைந்த காப்பியமே. அதன் நாட்டுப் படலத்திலும் அரபு நாட்டில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, உழவர் நாற்று நடுகின்றனர். யூதேயாவைப் பாடிய பெஸ்கியும் அரபு நாட்டைப் பாடிய உமறும் தமிழ் மருத நிலத்தையே பாடினர். இம்மட்டில் இருவரும் கம்பரின் வழிவந்தவர்கள்.

ஆயின் பெயர்களைக் கையாண்ட முறையில் இருவரும் வேறுபடுகின்றனர். பெஸ்கி பெயர்களைப் பொருளறிந்து மொழிபெயர்த்தார். ஜோசப் என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகச் செய்தல் என்று பொருளாதலின் சூசையப்பர் 'வளன்' ஆனார். இறைவனின் கருணை என்னும் பொருளுடைய யோவான் 'கருணையன்' ஆனார். உமறோ பெயர்களைப் பெயர்க்கவில்லை. நபி பெருமானாரின் திருப்பெயரும், தோழர்களின் பெயர்களும், தீன், சலாம், நபி போன்ற சொற்களும் தமிழ் யாப்பின் ஓசைக்கு இயைந்து நின்றனவேயன்றித் தம் உருவை இழக்கவில்லை.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? உமறு பாடியபோது அப்பெயர்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு இட்டு வழங்கிய பெயர்கள். நாள்தோறும் தொழுகையில் ஓதப்பெற்ற சொற்கள். கடல் வாணிகத்தாலும் உறவாலும் சில நூற்றாண்டுகளாகத் தமிழ்ச் செவிக்குப் பழகிய ஒலிகள். பெஸ்கிக்குப் பின்னும் கிறித்தவ மக்கள் இருந்தனர். ஆனால் அவர் நூல் நோக்கியது தமிழ்ப் புலவர் அவையை. அந்த அவை நகைக்கலாகாதே என்ற எச்சரிக்கை அவருக்கு இருந்தது. பயன் என்ன? 'வளன்' என்னும் அழகிய பெயர் காப்பியத்திலேயே தங்கிவிட்டது. தமிழ்க் கத்தோலிக்கர் தம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சூசை என்றே பெயரிட்டனர். புலவர் தேர்ந்த ஆடையை மக்கள் அணிந்துகொள்ளவில்லை.

இறைவனுக்கு எச்சொல்?

இனிப் புராட்டஸ்டண்டுப் பாதிரிமாரிடம் வருவோம். ஜெர்மானியராகிய சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் அங்கேயே அச்சேறியது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதற் புதிய ஏற்பாடு அதுவே. தமிழ் நூல்களை ஆர்வத்தோடு தொகுத்த அவர், தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிய பெருநூல் ஒன்றையும் 1713-இல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. புறச்சமயத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்கள் எண்ணம். அந்நூல் 1867 வரை அச்சேறாமற் கிடந்தது. தங்கள் சமயத்தில் எந்த நாட்டு வழக்கமும் கலக்கவில்லை என்று நம்பிய அம்மேலாளர்களுக்கு, எது அறியத்தக்கது, எது அறியத்தகாதது என்னும் தீர்ப்பே தங்கள் ஊரின் வழக்கம்தான் என்பது தோன்றவில்லை.

மொழிபெயர்க்க அமர்ந்தவுடன் எழுந்த முதற் சிக்கல், இறைவனை எச்சொல்லால் குறிப்பது என்பது. கத்தோலிக்கர் வழங்கிய 'சருவேசுரன்' என்னும் சொல்லையே சீகன்பால்கு கைக்கொண்டார். ஈசுரன் என்பது சிவனுக்குரிய பெயர். அவருக்குப் பின் மொழிபெயர்த்த பப்ரிசியுஸ், 1772-இல் வெளிவந்த தம் புதிய ஏற்பாட்டில் 'பராபரன்' என்றார். மேலானவற்றிற்கும் மேலானவன் என்னும் பொருளுடைய அச்சொல் தத்துவச் சாயல் உடையது. சித்தர்களும் தாயுமானவரும் வழங்கியது. நம் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களும் இறைவனை அச்சொல்லால் அழைத்துப் பாடியுள்ளார்கள் என்பதை வாசகர் அறிவர்.

பின்னர் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் தலைமையில் ஒரு மொழிபெயர்ப்பு நடந்தது. அதற்குத் துணைநின்றவர் ஆறுமுக நாவலர். சைவத்தின் காவலராகப் பின்னாளில் கிறித்தவ சமயத்தைக் கண்டித்து எழுதிய அதே நாவலர், தம் இளமையில் விவிலியத்தின் தமிழைச் செப்பம் செய்தார் என்பது இலக்கிய வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. 1850-இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்னும் சொல்லை எடுத்தது. 1871-இல் போவர் பாதிரியார் தலைமையில் நிறைவுற்ற பதிப்பும் அதனையே பின்பற்றியது. இருபதாம் நூற்றாண்டில் திருத்தம் செய்தவர்கள் 'கடவுள்' என மாற்றினர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் இணைந்து 1995-இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பும் கடவுள், ஆண்டவர் என்னும் சொற்களையே வழங்குகிறது.

நுணுகி ஆராய்ந்தால் 'தேவன்' என்பதில் குறை உண்டு. தேவர் முப்பத்து முக்கோடியர் என்பது நாட்டு வழக்கு. ஏக இறைவனைக் குறிக்க அது ஏற்றதன்று எனப் பலர் வாதித்தனர். ஆயினும் திருத்திய பதிப்புகள் வந்து பல்லாண்டு கழிந்த பின்னும், புராட்டஸ்டண்டுச் சபைகளுள் மிகப் பல 1871-ஆம் ஆண்டுப் பதிப்பையே வழிபாட்டில் வாசித்து வருகின்றன. ஒன்றரை நூற்றாண்டாகத் தாய்மார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த செபங்களிலும், இறந்தோரை அடக்கும்போது கேட்ட வாசகங்களிலும் அச்சொல்லே ஒலித்தது. அவ்வாறு ஒலித்து ஒலித்து, பன்மைப் பொருள் தேய்ந்து, அவர்கள் செவியில் அது ஒருவனையே குறிக்கலாயிற்று. மொழிபெயர்ப்பாளர் தொடங்கிய பணியை முடித்து வைப்பவர் வணங்கும் மக்களே என்னும் உண்மை இதனால் விளங்குகிறது.

அந்நூலுக்கு வாய்த்த பெயரையும் எண்ணிப் பாருங்கள். வேதம், ஆகமம் என்னும் சைவரின் இருவகை நூற்பெயர்களும் இணைந்து 'வேதாகமம்' ஆயின. நெல்லை, குமரி வட்டாரங்களில் கிறித்தவரை வேதக்காரர் என்றும், அவர் கோயிலை வேதக்கோயில் என்றும் ஊரார் அழைத்தனர். எச்சொல்லைப் பாதிரிமார் இரவல் பெற்றனரோ அச்சொல் பொதுமக்கள் வாயில் இரவல் பெற்றவர்க்கே உரியதாகி விட்டது.

சாஸ்திரியாரின் நான்கு முறையீடுகள்

மேற்கூறிய உவமையின் குறைபாட்டை முற்றிலும் வெளிப்படுத்துவது தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் வாழ்வு. 1774-இல் பிறந்த அவர், சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பயின்றவர். சரபோஜி மன்னரின் உடன்பயின்ற தோழர். அவர் பாடிய பெத்லகேம் குறவஞ்சி 1800-ஆம் ஆண்டைச் சார்ந்தது. உலா வரும் தலைவன்மேல் காதல் கொள்ளும் தலைவி, குறி சொல்லும் குறத்தி, பறவை பிடிக்கும் குறவன் என்னும் குறவஞ்சி உறுப்புகள் அனைத்தும் அதில் உள. தலைவியாகத் திருச்சபையும், குறத்தியாக விசுவாசமும், குறவனாக வேத போதகரும் உருவகம் பெறுகின்றனர். குறவனின் வலையில் படும் பறவைகள் மனித ஆன்மாக்கள். மீன் பிடிக்கும் வலைஞரைப் பற்றிய சுவிசேஷக் கருத்தைப் பறவை பிடிக்கும் குறவன்மேல் ஏற்றிய திறமை பாராட்டுக்குரியது. பூமி சூரியனைச் சுற்றும் கோபர்னிக்கசின் வானநூற் கொள்கையையும் அக்குறவஞ்சியிலேயே அவர் பாடினார். நாட்டு வடிவத்தில் புதிய அறிவு புகமுடியாது என்பார்க்கு அது தக்க விடை.

சுவார்ட்ஸ் காலத்திற்குப் பின் வந்த இளம் பாதிரிமார் தஞ்சைக் கிறித்தவரிடையே மாற்றங்களை நுழைத்தனர். 1820-களில் சாஸ்திரியார் அவர்கள்மேல் நான்கு குற்றங்களைச் சாட்டினார். பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. திருநாள்களில் மலர் சூட்டுவதைத் தடுத்தது ஒன்று. தமிழிசைப் பாடல்களைக் கோயிலில் நிறுத்தியது ஒன்று. வெவ்வேறு சாதியாரை வேறுபாடின்றி ஒன்றாகக் கலக்குமாறு வற்புறுத்தியது மற்றொன்று.

இந்நான்கையும் சாஸ்திரியார் ஒரே நிரலில் வைத்தார் என்பதே நாம் கருதத்தக்கது. தமிழிசையைத் தடுத்தது கொடுமை என்னும் முறையீட்டைத் தமிழ் நெஞ்சமுடையார் எவரும் ஒப்புவர். சாதி வரிசையைக் குலைத்தது கொடுமை என்பதை எவ்வாறு ஒப்புவது? ஆயினும் அவர் பார்வையில் மலரும் இசையும் சாதியும் ஒரே வழக்கத்தின் கூறுகள். ஒன்றைத் தொட்டால் மற்றவையும் குலையும். எதிர்த்தரப்புப் பாதிரிமாரின் பார்வையிலும் அப்படியே. சாதியை ஒழிக்க வந்தவர்கள் பண்ணிசையையும் மலரையும் சேர்த்தே ஒழிக்க முற்பட்டனர். 1833-இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சாதி வேறுபாடு திருச்சபைக்குள் இருத்தல் கூடாது என ஆணை விடுத்தபோது, தஞ்சைக் கிறித்தவர் பலர் மனம் முறிந்து விலகினர். ஆணை நீதியானதே. ஆனால் மக்களின் இசையைப் பறித்த கைகளிலிருந்தே அந்நீதியும் வந்தமையால், அதுவும் அயலாரின் அடக்குமுறையாகவே அவர்களுக்குத் தோன்றிற்று.

வழக்கம் முழுவதும் ஓர் ஆடை என்று கருதினால் அணிவது அல்லது களைவது என்னும் இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. இது தகும், இது தகாது என்று பிரித்தறியும் கடமை மறைந்து போகிறது. சாஸ்திரியாரும் அவர்தம் எதிரிகளும் தடுமாறிய இடம் அதுவே.

ஆடையே வழக்கான வரலாறு

உவமையாகக் கூறப்பட்ட ஆடை மெய்யாகவே வழக்கிற்குரிய பொருளான இடமும் உண்டு. அக்காலத் திருவிதாங்கூரில் நாடார் பெண்டிர் மார்பை மறைத்து உடுத்தலாகாது என்பது சாதிக் கட்டுப்பாடு. பாதிரிமாரின் மனைவியர் தாம் பயிற்றிய கிறித்தவப் பெண்களுக்குத் தளர்ந்த சட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தனர். மதம் மாறிய பெண்கள் சிரியன் கிறித்தவப் பெண்களையும் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்களையும் போலக் குப்பாயம் அணியலாம் எனக் கர்னல் மன்றோ காலத்தில் ஆணை பிறந்தது. பெண்களோ குப்பாயத்தோடு நில்லாமல், மேற்சாதிப் பெண்டிர் போலத் தோள்சீலையும் அணிந்தனர். 1822 முதல் 1859 வரை மீண்டும் மீண்டும் கலகம் மூண்டது. சந்தைகளில் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. கோயில்களும் பள்ளிகளும் கொளுத்தப்பட்டன. இறுதியில் 1859 ஜூலை 26-இல் மகாராஜாவின் அறிவிப்பு, மார்பை மறைக்கும் உரிமையை அளித்தது. அப்போதும் மேற்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற தடை நீடித்தது.

பாதிரிமார் மனைவியர் தந்தது ஐரோப்பிய நாணத்திற்கு ஏற்ற சட்டை. பெண்கள் கேட்டதோ நாட்டுத் தோள்சீலை. மானத்தை மறைக்க ஒரு துணி போதும் என்று தந்தவர்கள் எண்ணினர். எல்லாரையும் போல உடுத்துவதே மானம் என்று அணிந்தவர்கள் அறிந்திருந்தனர். மனிதர் அனைவரும் இறைவன்முன் சமம் என்னும் போதனையைத் தோளின்மேல் போட்ட சீலையாகப் பொருள் கொண்டவர்கள் எழுத்தறியாத அப்பெண்களே. நொபிலி தம் ஆடையை மாற்றி ஒரு சாதியோடு இணங்கினார். இவர்கள் தம் ஆடையை மாற்றிச் சாதியையே எதிர்த்து நின்றனர்.

கிருஷ்ணபிள்ளையின் யாத்திரிகம்

வழக்கமும் வேதமும் ஒன்றையொன்று வளப்படுத்திய சான்றும் இல்லாமல் இல்லை. நெல்லைச் சீமையில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858-இல் கிறித்தவரான எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயண நூலே அதன் மூலம். பன்யனின் நூல் உரைநடை. பாவச்சுமை தாங்கித் தன்னந்தனியே நடக்கும் ஒருவனின் அச்சமும் போராட்டமுமே அதன் உயிர். கிருஷ்ணபிள்ளையோ ஏசுநாதரின் பாடுகளை விரித்துரைக்கும் நீண்ட பகுதியைத் தம் காப்பியத்துள் அமைத்தார். தனிமனிதனின் பயணமாக இருந்தது, தலைவன்பால் அடியவன் கொண்ட அன்பின் பெருக்காக மாறிற்று.

பன்யனை வாசித்தவர் இதனை மூலத்தினின்று விலகியது என்பர். எனினும் ஆழ்வார்களின் பாசுரங்களில் ஊறிய நெஞ்சம், இறைவனின் அருளை வாசிக்கும்போது எதனைக் காணுமோ அதனையே அவர் கண்டார். பன்யனின் காலத்து ஆங்கில நாடு, சிறையும் சமயக் கெடுபிடியும் நிறைந்தது. ஆதலின் தனித்து நடப்பவனையே அந்நூல் கண்டது. தமிழ்நாட்டின் பக்தி மரபு உருகி அழும் அடியவனைக் கண்டது. இரண்டும் வேதத்தை வாசித்த முறைகளே. ஐரோப்பியர் வாசிப்பு கலப்பற்றது, தமிழர் வாசிப்பு கலப்புடையது என்று கூறுதல் பொருந்தாது. அவரவர் மண்ணில் நின்றே அவரவர் வாசித்தனர். கிருஷ்ணபிள்ளை வழக்கத்திலிருந்து அன்பையும் இசையையும் எடுத்துக்கொண்டார். தாம் துறந்த சமயத்தின் மொழியை இகழவும் இல்லை. அதனிடம் தம் புதிய நம்பிக்கையை ஒப்புக்கொடுக்கவும் இல்லை. தமிழ்க் கிறித்தவ நூல்களுள் அது தனியிடம் பெறுவது இந்நிதானத்தாலேயே.

நாம் கொள்ளத்தக்கது

இச்சான்றுகளால் பெறப்படுவது யாது? வழக்கத்தின் வழியேயன்றி எந்த வேதமும் மக்கள் நெஞ்சை அடைவதில்லை. ஆகவே வழக்கத்தை அஞ்சி ஒதுக்குவதால் பயனில்லை. அதே வேளையில் வழக்கம் முழுவதும் குற்றமற்றதும் அன்று. இசையும் வழக்கமே, இழிவும் வழக்கமே. எந்த வழக்கம் அடியாரை அன்பால் இணைக்கிறது, எது அவருள் ஒருவரைத் தாழ்த்துகிறது என ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இந்த அளவுகோலைப் பிறர்க்கு மட்டும் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளுதல் நேர்மையாகாது. கிறித்தவர் திருமணத்தில் சிலுவை பொறித்த தாலி கட்டப்படுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் கருகமணி கட்டப்படுகிறது. இரண்டும் இம்மண் தந்த வழக்கங்கள். அவற்றால் யாருக்கும் தீங்கில்லை. கைக்கூலியும் இம்மண்ணில் நாம் கற்ற வழக்கந்தான். மணமகன் மணமகளுக்கு மஹர் அளித்தல் வேண்டும் என்னும் மார்க்கத்தின் கட்டளையையே அது தலைகீழாக்கி, பெண்ணைப் பெற்றவரைக் கடனாளியாக்குகிறது. கருகமணியைப் பற்றி நாம் காரசாரமாக வாதிக்கிறோம். கைக்கூலியைப் பற்றிப் பேச்செழுந்தால் ஊர் வழக்கம் என்று கூறி அமைதியடைகிறோம். சாஸ்திரியாரின் முறையீட்டில் மலரும் சாதியும் ஒரே நிரலில் நின்றதைக் கண்டு வியந்த நாம், நம் வீட்டு நிரலையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுதல் நன்று.

தேம்பாவணியும் இரட்சணிய யாத்திரிகமும் கிறித்தவர்க்கு மட்டும் உரியன என்றும், சீறாப்புராணம் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியது என்றும் எண்ணித் தமிழ் மாணவர்கள் அவற்றை ஒதுக்கி வைக்கும் நிலை வருந்தத்தக்கது. இவற்றை அருகருகே வைத்து ஓதும் பழக்கம் நம் இல்லங்களிலும் கல்லூரிகளிலும் வளருமாயின், வேற்று நாட்டில் பிறந்த நம்பிக்கைகளைத் தமிழ் எவ்வாறு தன் மடியில் ஏந்திக்கொண்டது என்பதை இளைஞர்கள் உணர்வர். அவ்வாறு ஏந்தியபோது தமிழ்ச் சமுதாயம் தன் நலங்களோடு தன் நோய்களையும் சேர்த்தே தந்தது என்பதையும் அவர்கள் உணர்தல் வேண்டும். நலத்தை நன்றியோடு ஏற்று, நோயை அடையாளங் கண்டு விலக்குவது இனி வரும் தலைமுறையின் பொறுப்பு.